மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு சத்தியம்

தென்மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் வந்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். முந்தைய நாள் வரை பொழுது சாய்ந்ததும் டாஸ்மாக் பக்கம் போன ஆட்கள், நெற்றியில் சாம்பலோடு வீட்டில் இருப்பார்கள். கறி கிடையாது, பீடி கிடையாது, குடி கிடையாது. சிலர் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் கோயிலின் ஆண்கள் பக்கம் நிரம்பிவிடும். அப்புறம் நாற்பது நாள் தவக்காலம் முடிந்து, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின ராத்திரி பாஸ்கு இரவுப் பூசை முடியும். உயிர்ப்பு ஞாயிறு மத்தியானத்துக்குள் பாதிப் பேர் பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பார்கள், விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் குடிக்கிறவர்களைப் போல.

இதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. பிரசங்கத்தில் திட்டுகிற சாமியார்களும் உண்டு. எனக்கு அந்த நாற்பது நாளின் மேல் மரியாதை இருக்கிறது. அந்த நாட்களில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குகிறார்கள். சம்பளம் வீட்டுக்கு வருகிறது. கடவுளுக்காகத் தன்னால் ஒன்றை நிறுத்த முடியும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்துபோகிறது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நாற்பது நாள் நிறுத்த முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியவில்லை? மனந்திரும்புதலைப் பற்றி எனக்குள்ள கேள்விகளில் பெரியது இதுதான். இதற்கு ஏதாவது வெளிச்சம் கிடைத்தது என்றால், அது டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கையிலிருந்து கிடைத்தது.

அவர் பெயர் மேட் டால்பட். 1856ல் அயர்லாந்தின் டப்ளினில், பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா குடிகாரர். மேட் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பன்னிரண்டு வயதில் மதுவைப் புட்டியில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடி பழகியது. அடுத்து துறைமுகத்தில் விஸ்கிக் கிடங்கில் வேலை. அப்புறம் கட்டட வேலையில் சித்தாள். எங்கே போனாலும் சம்பளம் குடிக்கே போயிற்று. காசில்லாத நாளில் காலணியைக்கூட விற்றுக் குடித்ததுண்டு. தெருவில் ஃபிடில் வாசித்துப் பிழைத்த ஒரு பார்வையற்றவரின் ஃபிடிலைக் கூட்டாளிகளோடு சேர்ந்து திருடி, அதை விற்றும் குடித்தார்.

1884ல் அவருக்கு 28 வயது. ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை, சம்பள நாள். மதுக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காசு இருந்த நாட்களில் அவர் யாருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தாரோ, அவர்கள் எல்லாம் சம்பளத்தோடு அந்த வழியாகத்தான் வந்தார்கள். ஒருவரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. மனசு விட்டுப்போய் வீட்டுக்கு நடந்தார். சீக்கிரம் வந்துவிட்டாயே, குடிக்காமல் வேறு வந்திருக்கிறாயே என்று அம்மாவுக்கு ஆச்சரியம். சாப்பிட்ட பிறகு, குடியை விடச் சத்தியம் எடுக்கப் போகிறேன் என்றார். "கடவுள் பேரால் போ. ஆனால் காப்பாற்ற முடியாதென்றால் எடுக்காதே" என்றார் அம்மா. கடவுள் பேரால்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கிளான்லிஃப் பகுதியில் இருந்த குருமடத்துக்குப் போய் ஒரு குருவிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கோயிலின் அருட்சாதனங்களை விட்டு விலகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என்று அங்கே சத்தியம் கொடுத்தார். மறுநாள் காலை 5 மணிப் பூசைக்கு கார்டினர் தெருக் கோயிலுக்குப் போய் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினார். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரின் பேரில் உள்ள கோயில் அது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அவருடைய மனந்திரும்புதல் தொடங்கிய விதத்தை. வானத்திலிருந்து ஒளி எதுவும் வரவில்லை. நல்ல பிரசங்கம் கேட்டு உருகவில்லை. காசில்லை, கூட்டாளிகள் கைவிட்டார்கள், அவமானம். அவ்வளவுதான். லூக்கா நற்செய்தியின் ஊதாரி மகனும் இப்படித்தானே எழுந்தான்? பன்றிகளின் நடுவே அவனுக்கு முதலில் வந்தது அப்பாவின் மேல் பாசம் இல்லை, பசி. வீட்டில் வேலைக்காரர்களுக்கே வயிறு நிறையச் சோறு இருக்கிறதே என்ற நினைப்பு. அந்த நினைப்பு போதுமானதாக இருந்தது. அப்பா அவனுடைய காரணங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடிக்கவில்லை. தூரத்தில் வரும்போதே ஓடி வந்துவிட்டார்.

திருச்சபை இதை வெறும் உருக்கமான கதையாக விட்டுவிடவில்லை. 1551ல் ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் பாவத்துக்கான மனஸ்தாபத்தை இரண்டாகப் பிரித்துப் பேசியது. கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வருவது ஒன்று, அதை நாம் உத்தம மனஸ்தாபம் என்கிறோம். பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்தோ நரகத்துக்குப் பயந்தோ வருவது இன்னொன்று. அந்த இரண்டாவதும் கடவுளின் கொடை, தூய ஆவியின் தூண்டுதல் என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அது குறைபட்டதுதான். ஆனாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரலாம். மன்னிப்பு கிடைக்கும். 'எனக்குச் சரியான மனசு இன்னும் வரவில்லை, வந்ததும் போகிறேன்' என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கடவுளை முழுசாக நேசிக்கிற மனசு வந்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும் என்றால் நம்மில் யார் போவது?

சரி, தொடங்கியாயிற்று. மேட் டால்பட்டுக்கும் அது ஒரு தவக்காலச் சத்தியம் மாதிரிதான் இருந்தது. சொல்லப்போனால் அதைவிடப் பலவீனமாக. மூன்று மாதம் முடிந்ததும் திரும்பக் குடிக்கத்தான் போகிறேன் என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் சத்தியத்தைப் புதுப்பித்தார். பிறகு இன்னும் நீட்டினார். கடைசியில் ஆயுள் முழுவதற்கும் எடுத்தார். 1925ல் இறக்கும்வரை நாற்பது வருடங்களுக்கு மேல் ஒரு சொட்டு தொடவில்லை. அந்த முதல் மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

குடிகாரருக்கு ஆபத்தான நேரம் வேலை முடிகிற நேரம். கால்கள் பழகிய பாதையில் தானாகவே நடக்கும். அந்த நேரத்தை அவர் வெறுமனே வீட்டில் உட்கார்ந்து கழிக்கவில்லை. வேலை முடிந்ததும் கூட்டாளிகள் இல்லாத பக்கமாக நடந்து ஒரு கோயிலுக்குப் போவார், இரவு வரை நற்கருணைக்கு முன்னால் இருப்பார். சத்தியம் எடுத்த புதிதில் ஒருநாள் ஆசை அடக்க முடியாமல் ஒரு மதுக்கடைக்குள் போய் நின்றும்விட்டார். கடைக்காரர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். இவரை யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார், நேரே கோயிலுக்குப் போனார், பூட்டும் நேரம் வரை அங்கேயே இருந்தார். அன்றே ஒரு முடிவெடுத்தார்: இனிப் பையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை. காலையில் எழுந்தால் வேலைக்கு முன் பூசை, வேலை முடிந்தால் கோயில். வாசிக்கத் தட்டுத் தடுமாறியவர், எழுத்துக் கூட்டியாவது அகுஸ்தினாரின் தன்வரலாற்றை வாசித்தார். கெட்ட வார்த்தை பேசுகிற பழக்கமும் இருந்தது. சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவை மாதிரிக் குத்தி வைத்துக்கொண்டார், வாய் திறக்கும்போது நினைவு வர.

மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிற ஒரு சிறிய உவமை இருக்கிறது. ஞாயிறு வாசகங்களில் அடிக்கடி வராததாலோ என்னவோ, அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். ஒருவரை விட்டு வெளியேறிய தீய ஆவி வறண்ட இடங்களில் அலைந்துவிட்டுத் திரும்பி வருகிறது. தான் விட்டுப்போன வீடு கூட்டிப் பெருக்கி அழகாக, ஆனால் காலியாக இருப்பதைப் பார்க்கிறது. போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டி வந்து குடியேறுகிறது. அந்த மனிதரின் நிலை முன்பைவிடக் கேடாகிறது. உயிர்ப்பு ஞாயிறு மத்தியானத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. வீட்டைச் சுத்தம் செய்ததில் குறையே இல்லை. உள்ளே யாரும் குடிவரவில்லை, அதுதான் குறை.

நம் தவக்காலம் பெரும்பாலும் விடுவதைப் பற்றியே பேசுகிறது. எதை விட்டாய், கறியா, காபியா, சீரியலா, போனா? விடுவது வேண்டும்தான். ஆனால் விட்ட நேரத்தில் ஆண்டவரோடு ஒரு பத்து நிமிடம்கூட இல்லை என்றால் அந்த நாற்பது நாளும் நாள் எண்ணுவதிலேயே போய்விடும். எப்போது முடியும் என்று காத்திருப்பவருக்கு முடிந்த அன்று விடுதலைதானே? மேட் டால்பட்டின் மூன்று மாதத்துக்குள் வேறொன்று புகுந்துகொண்டது. கோயிலில் இருக்கிற நேரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் வைராக்கியத்தால் ஜெயித்தார் என்று எழுதுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. வைராக்கியம் முதல் சில வாரத்தைத் தாண்டவைத்திருக்கும். நாற்பது வருடத்தைத் தாண்டவைத்தது நேசம்.

அவர் இறந்தபோது உடலில் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருந்ததைக் கண்டார்கள். மாதாவுக்குத் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளம் அது. அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் அந்தச் சங்கிலியிலேயே வந்து நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. பையில் காசு வைத்துக்கொள்ளாத முடிவுதான் எனக்குச் சங்கிலியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உத்தம மனஸ்தாப மந்திரத்தில் 'கெட்டியான மனதுடனே பிரதிக்கினை செய்கிறேன்' என்று சொல்கிறோம். கெட்டியான மனசு என்பது கண்ணீர் விடுவதோ நெஞ்சில் அடித்துக்கொள்வதோ இல்லை. நாளைக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் எங்கே இருப்பேன், என் பையில் என்ன இருக்கும், என் பக்கத்தில் யார் இருப்பார் என்பதை இன்றைக்கே தீர்மானிப்பது. இது குடிக்கு மட்டும் இல்லை. ராத்திரி தனியாகப் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறவர் போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போவதும் அதே கெட்டியான மனசுதான். அந்த மந்திரம் பிரதிக்கினை செய்த கையோடு, எனக்குப் பலன் போதாது என்றும் ஒப்புக்கொண்டு, இயேசு சிந்தின திரு இரத்தத்தைக் காட்டித்தான் மன்னிப்புக் கேட்கிறது. உறுதியும் கையேந்துதலும் ஒரே மூச்சில். முன்னோர்கள் தெரிந்துதான் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத்தோடு கதை முடிந்துவிடவும் இல்லை. சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் என்று படித்தோமே, அதில் ஐந்தாவது குரு கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மறைக்கல்வி அதோடு நிற்கவில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவம் உண்டாக்கிய சீர்கேடு எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாது, முடிந்த அளவுக்கு நாம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். சக்கேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றதோடு நிற்கவில்லை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னார்.

மேட் டால்பட் கடன் வைத்திருந்த மதுக்கடைகளுக்கெல்லாம் பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பார்வையற்ற ஃபிடில்காரரையும் தேடினார். நகரம் முழுவதும் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. இறந்திருப்பார் என்று முடிவு செய்து, அவருடைய ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார். இந்தத் தேடலை நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும். கடவுள் மன்னித்துவிட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதரின் பிழைப்பைப் பிடுங்கிக் குடித்தோமே என்பது அவரை விடவில்லை.

நம்மிடையே இது பலவீனமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரிய வெள்ளிக்குச் சிலுவையை முத்தி செய்கிற அண்ணனும் தம்பியும் பத்து வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தங்கை பங்கு நிலத்தை எழுதி வாங்கியவர் திருவிழாவுக்குத் தேர் உபயம் செய்கிறார். மருமகளிடம் கேட்டு வாங்கிய நகையைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யாராவது வாய் திறக்கிறார்களா என்று தெரியாது, அது அந்த ஆன்மாவுக்கும் ஆண்டவருக்கும் இடையில் இருக்கட்டும். ஆனால் நகை திரும்பி வந்ததா என்பது ஊருக்கே தெரியும்.

குடியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பல வருடம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம், வலிப்புகூட வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர் சத்தியம் எடுப்பதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று நம் ஊர்களிலும் தமிழில் கூட்டம் நடத்துகிறது. போவதில் எந்த விசுவாசக் குறைவும் இல்லை. நிலைத்துப்போன பழக்கம் ஒருவருடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கலாம் என்று மறைக்கல்வியே சொல்கிறது. குடியை விட முடியாதவரிடம் ரொம்பக் கடுமையாக இருக்காதே என்று மேட் டால்பட்டும் சொன்னதாகச் சொல்கிறார்கள். செத்தவரை எழுப்புவது எவ்வளவு கடினமோ குடியை விடுவதும் அவ்வளவு கடினம், ஆனால் இரண்டுமே ஆண்டவருக்கு முடியும் என்றாராம். நாற்பது வருடம் குடிக்காமல் இருந்தவர் அதைத் தன் சாமர்த்தியமாக நினைக்கவில்லை.

1925 ஜூன் 7, மூவொரு கடவுள் ஞாயிறு. பூசைக்குப் போகும் வழியில் டப்ளினின் ஒரு சந்தில் அவர் சரிந்து விழுந்து இறந்தார். இன்னார் என்று அடையாளம் காட்ட அப்போது அங்கே யாரும் இல்லை. 1975ல் பாப்பரசர் ஆறாம் பவுல் அவரை, புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். இன்றைக்கும் குடியிலிருந்து மீளப் போராடுகிறவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அவரிடம் வேண்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாக, பாவசங்கீர்த்தனம் செய்து பத்து இருபது வருடம் ஆகிவிட்டது, இப்போது போனால் என்ன சொல்வது, சாமியார் என்ன நினைப்பார், மந்திரம்கூட மறந்துவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு. நேராகக் கடவுளிடம் சொன்னால் போதாதா என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் இந்தத் தயக்கம்தான் என்று நினைக்கிறேன். நேராகவும் சொல்லுங்கள், தினமும் சொல்லுங்கள். ஆனால் உயிர்த்த ஆண்டவர் அப்போஸ்தலர்கள் மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தார். 'உன் பாவங்களை மன்னிக்கிறேன்' என்ற வார்த்தை நம் காதில் விழ வேண்டும் என்று அவரே விரும்பியிருக்கிறார். சாமியாருக்கு நீங்கள் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது. அதை வெளியே சொல்ல அவருக்கு எந்தக் காரணத்தாலும் அனுமதி இல்லை. உயிரே போவதாக இருந்தாலும் இல்லை. மந்திரம் மறந்திருந்தால், 'சாமி, நான் வந்து ரொம்ப வருஷமாச்சு, எப்படி ஆரம்பிக்கணும்னு தெரியலை' என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊர்க் கோயிலுக்கோ ஒரு திருத்தலத்துக்கோ போகலாம். வழக்கமான நேரத்தில் வர முடியாவிட்டால் பங்குத்தந்தையின் அறைக்கே போய்க் கேளுங்கள். நியாயமாகக் கேட்கிற விசுவாசிகளுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஏற்பாடு செய்வது, திருச்சபைச் சட்டத்தின் 986ஆம் எண் அவருக்குக் கொடுத்திருக்கிற கடமை.